க்யூவில் நிற்கிறதுக்கும் ஒரு டிகிரியா? 'சர்வீஸ் சயின்ஸ்' படிப்பு உருவான கதை

சாப்பாடு ஆர்டர் பண்ணிவிட்டு, மேப்பில் அந்தக் குட்டி பைக் நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்போம். அது தெரிவதால் பிரியாணி ஒரு நிமிடம்கூட முன்னால் வந்துவிடாது. ஆனாலும் தெரியாமல் காத்திருப்பதைவிடத் தெரிந்து காத்திருப்பது மனசுக்குக் கொஞ்சம் நிம்மதி.

அந்த பைக்கை மேப்பில் நகர்த்துவது மென்பொருள். எந்த ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்பது கணக்கு. பார்த்தால் ஏன் நிம்மதி வருகிறது என்பது உளவியல். டெலிவரி கட்டணம் எவ்வளவு என்பது பொருளாதாரம். சரி, இந்த நான்கையும் சேர்த்துப் படிக்கக் கல்லூரியில் எந்த டிபார்ட்மென்ட்டுக்குப் போவது?

சுமார் 20 வருடங்களுக்கு முன்னால் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டது ஐ.பி.எம். அதிலிருந்து பிறந்ததுதான் 'சர்வீஸ் சயின்ஸ், மேனேஜ்மென்ட் அண்ட் இன்ஜினியரிங்'. தமிழில் சேவை அறிவியல் என்று சொல்லலாம்.

ஐ.பி.எம்.முக்கு ஏன் இந்தக் கவலை?

1993-ல் ஐ.பி.எம். சுமார் 800 கோடி டாலர் நஷ்டத்தில் இருந்தது. அப்போது தலைமைக்கு வந்த லூ கெர்ஸ்ட்னர், கம்பெனியைப் பெட்டி விற்கும் தொழிலிலிருந்து சேவை விற்கும் தொழிலுக்குத் திருப்பினார். 2002-ல் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸின் ஆலோசனைப் பிரிவை சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. 2004 டிசம்பரில் தன் பர்சனல் கம்ப்யூட்டர் பிரிவையே லெனோவோவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது.

வருமானம் சேவைப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் ஆராய்ச்சிக்கூடங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இயற்பியல், மின்னணு, கணினி படித்தவர்கள். ஒரு வங்கியின் கால்சென்டரை எடுத்து நடத்தும் தொழிலுக்கு இவர்கள் எதை ஆராய்வது? வேலைக்கு ஆள் எடுப்பதிலும் அதே குழப்பம்தான். இன்ஜினியருக்கு சிஸ்டம் தெரியும், வாடிக்கையாளரின் தொழில் தெரியாது. எம்.பி.ஏ. படித்தவருக்குத் தொழில் தெரியும், சிஸ்டம் தெரியாது.

கலிபோர்னியாவில் ஐ.பி.எம்.மின் அல்மடேன் ஆய்வு மையத்தில் சேவை ஆராய்ச்சிக் குழுவை வழிநடத்தியவர் ஜிம் ஸ்போரர். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி செஸ்பரோவுடன் அவர் பேசியபோது ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. 1945-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எம். ஒரு கணிப்பு ஆய்வகம் தொடங்கியது. அமெரிக்காவின் ஆரம்பகாலக் கணினிப் பாடங்களில் சில அங்கேதான் நடந்தன. 1962-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தனி கணினி அறிவியல் துறையே வந்துவிட்டது. அன்றைக்குக் கணினிக்குச் செய்ததை இன்றைக்குச் சேவைக்கு ஏன் செய்யக்கூடாது?

தனக்கு வேண்டிய ஊழியர்களைப் பல்கலைக்கழகச் செலவில் தயாரிக்கும் தந்திரம் இது என்று யாராவது சொன்னால், முழுக்க மறுக்க முடியாது. ஆனால் எழுப்பிய கேள்வி நியாயமானது. அமெரிக்கப் பொருளாதாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் சேவைத் துறைதான். தொழிற்சாலையைப் பற்றிப் பாடம் நடத்த ஆயிரம் புத்தகங்கள் இருந்தன. மருத்துவமனை, வங்கி, விமான நிலையம் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு படிப்பு இல்லை.

அப்படி என்ன பாடம்?

ஒரு கவுன்டரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வேலையை முடிக்க சராசரியாக 6 நிமிடம். அதாவது மணிக்கு 10 பேரைக் கவனிக்கலாம். மணிக்கு 8 பேர், முன்பின்னாக வருகிறார்கள். பத்துக்கு எட்டுதானே, வரிசையே இருக்காது என்றுதான் தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது: சராசரியாக ஒருவர் 24 நிமிடம் காத்திருப்பார். மணிக்கு 9 பேர் வந்தால் அது 54 நிமிடமாகிவிடும். ஒரே ஒரு ஆள் கூடியதற்கு, காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல்!

காரணம், கூட்டம் சீராக வருவதில்லை. சும்மா இருந்த நிமிடங்களை கவுன்டர் சேமித்து வைத்து, பிறகு ஐந்து பேர் சேர்ந்து வரும்போது எடுத்துக்கொடுக்க முடியாது. 'ஸ்டாஃபை 90 சதவீதம் பிஸியா வச்சிருக்கேன்' என்று பெருமைப்படும் மேனேஜர், வாசலில் கூட்டத்தையும் தானே உருவாக்குகிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக டென்மார்க்கின் ஏ.கே.எர்லாங் 1909-லேயே தொடங்கிவைத்த கணிதம் இது.

அடுத்த வகுப்பு உளவியல். 1985-ல் டேவிட் மைஸ்டர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் பாடத்தில் இருக்கிறது. சும்மா நிற்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளமாகத் தெரியும். நியாயமில்லாத வரிசை எல்லாவற்றையும்விட மோசம். நடுவில் ஒருவர் 'சார், ஒரு சின்ன டவுட்' என்று நுழையும்போது வருகிற கோபம் எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

மூன்றாவது வடிவமைப்பு. சிட்டிபேங்க் அதிகாரியாக இருந்த லின் ஷோஸ்டாக், 1984-ல் சேவைக்கும் வரைபடம் போடலாம் என்று காட்டினார். அவர் எடுத்த உதாரணம் தெருவோர ஷூ பாலிஷ். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும் வேலை மேலே, தெரியாத வேலை கீழே, நடுவில் ஒரு கோடு. எந்த இடத்தில் தவறு நடக்கும், சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் அதிலேயே இருக்கும். இன்றைக்கு ஆப் வடிவமைப்பவர்கள் போடும் 'கஸ்டமர் ஜர்னி' படத்துக்கு இதுவும் ஒரு முன்னோடி.

ஆக, ஒரே வரிசைக்கு ஒருவர் இன்னொரு கவுன்டர் போடச் சொல்வார். இன்னொருவர் டோக்கன் கொடுக்கச் சொல்வார். மூன்றாமவர், இந்த வேலைக்கு ஆள் நேரில் வரவே தேவையில்லையே என்பார். மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் இந்தப் படிப்பின் நோக்கம். இதற்காக ஐ.பி.எம். வட்டாரத்தில் பிரபலமான சொல் 'டி வடிவ ஆள்': ஒரு துறையில் ஆழம், மற்றவற்றோடு பேசத் தெரியும் அகலம்.

கேம்பஸில் நடந்தது என்ன?

பெர்க்லியில் தகவலியல் துறை இதைக் கையில் எடுத்தது. நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிர்வாகக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து, ஏற்கெனவே இருந்த எம்.பி.ஏ., நெட்வொர்க்கிங் முதுகலைப் படிப்புகளுக்குள் இதை ஒரு பிரிவாகச் சேர்த்தன. புத்திசாலித்தனமான வழி அது. புது டிகிரிக்கு அனுமதி வாங்க அலைய வேண்டாம், சான்றிதழில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இருக்கும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 2008-ல் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து சேவை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கின. தைவானின் சிங் ஹுவா பல்கலைக்கழகமும் இதற்கென்று தனி நிறுவனம் அமைத்தது.

இப்படிப்பட்ட படிப்புகளில் சிக்கல் பெரும்பாலும் பாடத்தில் வருவதில்லை, நிர்வாகத்தில்தான் வரும். மாணவர் கட்டும் ஃபீஸ் எந்தத் துறைக் கணக்கில் போகும்? இளம் பேராசிரியர் ஒருவர் இரண்டு துறைக்கு நடுவில் உட்கார்ந்தால், நிரந்தரப் பணிக்கு அவரை மதிப்பிடுவது யார்? பொறியியல் ஆட்கள் 'இதில் கணக்கு கம்மி' என்பார்கள். நிர்வாகத்துறையோ, 'இதைத்தான் நாங்க பல வருஷமா நடத்துறோமே' என்று கேட்கும். இரண்டிலுமே கொஞ்சம் உண்மை உண்டு.

கணினி அறிவியல் போல எல்லாக் கல்லூரியிலும் இது ஒரு துறையாகிவிடவில்லை. 2010-களில் மாணவர் கூட்டம் டேட்டா சயின்ஸ் பக்கம் திரும்பியது. 'சர்வீஸ்' என்ற பெயரும் உதவவில்லை. வீட்டில் சொன்னால் ஏசி சர்வீஸா என்று கேட்பார்கள். ஆனால் பாடம் மறைந்துவிடவில்லை. ஆபரேஷன்ஸ், சர்வீஸ் டிசைன், ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் என்று பல பெயர்களில் பிரிந்து கிடக்கிறது.

மதுரை ஏற்கெனவே பாடமாகிவிட்டது

இந்தப் பெயர் வருவதற்கு முன்பே உலகம் முழுக்க வகுப்பறைகளுக்குப் போன ஓர் உதாரணம் நம் ஊரில் இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முடித்த மருத்துவர் அப்படியே திரும்பி அடுத்ததைத் தொடங்கலாம். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை. வரிசைக் கணக்கு, வேலைப் பங்கீடு, விலை நிர்ணயம், கிராமத்து மக்களின் தயக்கத்தைப் போக்கும் முகாம் என்று எல்லாம் ஒன்றாக வேலை செய்தால்தான் அந்த மேசைகள் காலியாக இருக்காது. 1993-லேயே ஹார்வர்டு இதை ஒரு கேஸ் ஸ்டடியாக வெளியிட்டது.

சேரலாமா?

சேவை நிர்வாகம், சேவைப் பொறியியல் என்ற பெயரில் ஒரு படிப்பு கண்ணில் பட்டால், ப்ரோஷரில் உள்ள பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாடத்திட்டத்தைத் திறந்து, புள்ளியியலும் வரிசைக் கணிதமும் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பெயர் மாற்றிய மார்க்கெட்டிங் படிப்பாக இருக்கலாம். அடுத்து, சீனியர் ஒருவரைப் பிடித்து இரண்டு விஷயம் கேளுங்கள்: ப்ராஜெக்ட்டுக்கு நிஜமான மருத்துவமனையோ வங்கியோ வருகிறதா? அந்த ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடுவது ஒரு துறையா, இரண்டு துறையா?