மாநில மரம் உங்கள் வரப்பில் நிற்கிறது

தமிழகத்தின் மாநிலச் சின்னங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். விலங்கு வரையாடு, அது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் வாழ்கிறது. பறவை மரகதப்புறா, அதற்கு அடர்ந்த மரநிழல் வேண்டும். 2019-ல் அறிவிக்கப்பட்ட பட்டாம்பூச்சி தமிழ் மறவன். அதுவும் மலைக்காட்டு உயிர். மலர் செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு. மழைக்காலத்தில் வேலியோரம் எப்போதாவது கண்ணில் படும். மரம் மட்டும்தான் படாளம், மதுராந்தகம் வட்டார விவசாயிகள் தினமும் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பார்ப்பது. அது பனை. அதைக் காப்பதும் வெட்டுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

படாளம் என்றதும் நினைவுக்கு வருவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அந்த ஆலைக்குக் கரும்பு வளர்க்கத் தண்ணீர், உரம், வெட்டுக்கூலி என்று எவ்வளவு செலவாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பாசனமும் உரமும் கேட்காமல் பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலை, நார் தருகிறது பனை. அதன் சல்லிவேர்கள் கரை மண்ணை இறுகப் பிடிக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும் பெரும்பாலான பனைகள் நின்றன.

ஆனாலும் செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் முதலில் பலியாவது இந்த மரம்தான். வெட்டிய மரத்துக்கு ஈடாக இன்று ஒரு கொட்டை போட்டால், அது பாளை விட 12 முதல் 15 ஆண்டுகள் ஆகும். சில இடங்களில் அதற்கு மேலும் ஆகலாம். சூளைக்காரர் தரும் தொகையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"ஆண் பனை காய்க்காது, வெட்டலாம்" என்பதும் தவறு. ஆண் பனையில் நுங்கு கிடைக்காதே தவிர, பதநீர் இறக்கலாம். அருகில் ஆண் பனை இல்லாவிட்டால் பெண் பனையில் காய் பிடிப்பதும் குறையும். பாளை வரும்வரை ஆணா பெண்ணா என்று அறிய வழியில்லை. ஆகவே வடலிகளைத் தரம் பிரித்து அழிக்க வேண்டாம்.

2021-22 வேளாண் பட்ஜெட்டில், 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அப்போதே அறிவித்தார்கள். சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் கோடாரி வைக்கும் முன் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

விதைக்க ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. நன்றாகக் காய்க்கும் மரத்தின் கீழ் தானாக விழுந்த பழங்களைப் பொறுக்குங்கள். ஒரு பழத்தில் மூன்று கொட்டைகள் வரை இருக்கும். சதையை நீக்கி, சில நாள் நிழலில் வைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஊன்றுங்கள். இடைவெளி 10 அடி. ஒரு அடிக் குழியில் இரண்டு கொட்டைகள் போட்டு மண் மூடினால் போதும். முளை முதலில் கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகப் பருப்பதால், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. எனவே மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள்.

ஏரிக்கரையில் விதைப்பதாக இருந்தால் ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் சொல்லிவிடுங்கள். மதகு, கலங்கல் பக்கம் தவிருங்கள். முதல் சில ஆண்டுகள் தீதான் பெரிய எதிரி. கரையில் காய்ந்த புல்லுக்கு வைக்கும் நெருப்பில் வடலிகள் கருகிவிடும். ஓலை வெட்டும்போது அடிமட்டைகளை மட்டும் எடுங்கள், குருத்தைத் தொடாதீர்கள்.

பதநீர் இறக்குபவர்கள் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவ மறக்கக்கூடாது. தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்கத் தமிழகத்தில் தடை உள்ளது.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிராமத்தில் நிற்கும் பனைகளையும் வடலிகளையும் இந்தப் பருவத்திலேயே எண்ணி, ஏரி வாரியாகப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணும்போது எத்தனை குறைந்தது, எங்கே விதைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.