எதுவும் நடக்காத நாளில் பவுண்டு ஏன் சரிந்தது?

லகாட்டிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் இங்கிலாந்தில் படிக்கப் போகிறாள். வீட்டுச் சேமிப்பை எப்போது பவுண்டாக மாற்றுவது என்பது அவர் கவலை. கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: “ஐயா, பிரெக்ஸிட் ஓட்டு நடந்தது 2016-இல். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது 2020 ஜனவரி 31-ஆம் தேதி. நடுவில் மூன்றரை வருடம் சட்டமும் மாறவில்லை, சுங்கவரியும் மாறவில்லை. அப்புறம் பவுண்டு மட்டும் ஏன் அப்படி ஏறி இறங்கியது?”

பொருளாதாரம் படித்தவர்களும் பலமுறை தாண்டிப்போய்விடும் கேள்வி இது. பவுண்டு விழுந்தது என்று தலைப்புப் போடுவார்கள், நிச்சயமற்ற சூழல் என்று காரணம் எழுதுவார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். நிச்சயமின்மை என்பது மனநிலை. அது எப்படி நான்கு தசம எண்களில் ஒரு விலையாக மாறுகிறது? அந்த இயக்கம்தான் இதில் அழகு. அதை மெதுவாகப் பார்க்கலாம்.

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. லண்டனில் நள்ளிரவு. பேராவில் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்ட காலை 7 மணி. இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் வாக்குச்சாவடிகள் மூடியிருந்தன. பிரிட்டன் ஒன்றியத்திலேயே நீடிக்கும் என்று சந்தை நம்பியது. ஒரு பவுண்டு ஏறக்குறைய 1.50 டாலரில் நின்றது, அந்த ஆண்டின் உச்சம். நியூகாசல் முடிவு வந்தது. நீடிப்பவர்கள் எளிதாக வெல்வார்கள் என்று எதிர்பார்த்த ஊரில் 50.7 சதவீதம்தான் கிடைத்தது. அடுத்துச் சண்டர்லண்ட்: வெளியேற வேண்டும் என்றவர்கள் 61.3 சதவீதம். சில நிமிடங்களில் பவுண்டு 1.43 அளவுக்கு வந்துவிட்டது. அன்றே 1.33-க்கும் கீழே இறங்கி, 1985-க்குப் பிறகு காணாத மட்டத்தைத் தொட்டது.

சண்டர்லண்ட் முடிவு வந்த அந்தச் சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் ஒரு தொழிற்சாலைகூட மூடவில்லை. மொத்த முடிவும் தெரியாது. எண்ணி முடித்த வாக்குகள் கடலில் கரைத்த உப்பு அளவு. ஆனாலும் ஒரு நாட்டுப் பணத்தின் மதிப்பில் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு காணாமல் போயிற்று.

அந்த ஜூன் மாதம் நம் பக்கம் டுரியான் பருவம். வாங்குகிறவருக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. காம்பைப் பார்க்கிறார், முகர்கிறார், காதருகே வைத்துக் குலுக்குகிறார். நல்ல பழம் என்றால் 30 வெள்ளி கொடுக்கலாம், சொத்தை என்றால் 10 வெள்ளிகூட அதிகம். திறக்காத பழத்துக்கு அவர் 30-உம் தரமாட்டார், 10-உம் தரமாட்டார். நல்லதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் 26, 27 தருவார். கடைக்காரர் கத்தியால் ஓட்டில் முக்கோணமாக ஒரு சின்ன வெட்டுப் போட்டுத் திறந்து காட்டுகிறார். சுளையின் நிறம் வெளுத்திருக்கிறது. பழம் முழுதும் திறக்கப்படவில்லை, ஆனால் விலை அந்த நொடியில் 20-க்கு இறங்கிவிடுகிறது. சண்டர்லண்ட் அந்த முக்கோண வெட்டு.

இதையே கணக்காகப் போடுவோம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. பிரிட்டன் நீடித்தால் பவுண்டு 1.53 டாலர், வெளியேறினால் 1.33 டாலர். நீடிக்க 85 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. 1.53-இல் 85 சதவீதம் 1.3005. 1.33-இல் 15 சதவீதம் 0.1995. கூட்டினால் சரியாக 1.50. சண்டர்லண்டுக்குப் பிறகு, இனி பாதிக்குப் பாதிதான் என்று சந்தை நினைத்தால்? 1.53-உம் 1.33-உம் கூட்டி இரண்டால் வகுக்க 1.43. நல்ல உலகத்தின் விலையும் மாறவில்லை, கெட்ட உலகத்தின் விலையும் மாறவில்லை. எந்த உலகம் வரப்போகிறது என்ற எடைதான் மாறியது. வாசகர் சொல்கிற அந்த மூன்றரை வருடம் முழுக்க நடந்ததும் இதேதான். ஓர் அமைச்சர் பதவி விலகினால் எடை ஒரு பக்கம் நகரும், பிரஸ்ஸல்ஸில் யாராவது இணக்கமாகப் பேசினால் மறுபக்கம் நகரும். சட்டம் அப்படியே இருக்க, விலை நகர்ந்துகொண்டே இருக்கும்.

வெளியேறும் பிரிட்டனின் பணம் ஏன் மலிவு என்று கேட்கலாம். காரணங்கள் பல. என் பார்வையில் கனமானது ஒன்றுதான். பிரிட்டன் உலகத்துக்கு விற்றுச் சம்பாதிப்பதைவிட அதிகமாகச் செலவழிக்கும் நாடு. அந்தப் பள்ளத்தை அங்கே வீடு, பங்கு, கடன்பத்திரம் வாங்கும் வெளிநாட்டார் பணம்தான் நிரப்பி வந்தது. அந்நியரின் தயவை நம்பி நாம் இருக்கிறோம் என்ற பொருளில், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநர் மார்க் கார்னி 2016-இன் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தார். சந்தேகம் வந்தவுடன் அந்நியர் எவரும் தன் சொத்தை விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டாலே போதும். வழக்கமாக வர வேண்டிய பணம் வரவில்லை, பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. யாரையாவது உள்ளே இழுக்கும் அளவுக்குப் பவுண்டு மலிந்துதான் ஆக வேண்டும். 2016 ஆகஸ்ட் 4-இல் அதே பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி விகிதத்தை 0.5-லிருந்து 0.25 சதவீதமாகக் குறைத்தது. பவுண்டை வைத்திருப்பதில் கிடைக்கும் பலனும் அதனால் குறைந்தது.

இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. சராசரிக் கணக்கில் 20 வெள்ளி பெறும் திறக்காத பழத்தையும், 20 வெள்ளிதான் பெறும் என்று திறந்து பார்த்துவிட்ட பழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலோர் திறந்ததைத்தான் எடுப்பார்கள். திறக்காததை விற்க வேண்டுமானால் ஒன்றிரண்டு வெள்ளி குறைத்தாக வேண்டும். “கெட்டுப்போயிருந்தால் மாற்றித் தருகிறேன்” என்று கடைக்காரர் சொன்னால், அந்த உறுதிமொழிக்கும் ஒரு விலை உண்டு, அது பழத்தின் விலையில் எங்கோ ஏறியிருக்கும். நாணயச் சந்தையில் அந்த உறுதிமொழியைத் தனியாகவே வாங்கலாம், விற்கலாம். ஓட்டுக்கு முந்தைய வாரங்களில் அதன் விலை 2008 நிதி நெருக்கடிக் காலத்து உயரத்தை எட்டியது. நிச்சயமின்மையை நேரடியாக அளக்கும் கருவி என்று ஏதாவது இருந்தால், அது இந்த விலைதான்.

ஈப்போவில் பணமாற்றுக் கடைப் பலகையிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே இரண்டு எண்கள்: அவர்கள் வாங்கும் விலை, விற்கும் விலை. அமைதியான நாளில் இரண்டும் நெருங்கி நிற்கும். குழப்பமான நாளில் விலகி நிற்கும். காலையில் வாங்கிய பவுண்டை மாலையில் என்ன விலைக்கு விற்க முடியும் என்று கடைக்காரருக்கே தெரியாதபோது, அந்த இடைவெளிதான் அவருக்குக் காப்பு.

இதைப் புரிந்துகொண்டால் சில புதிர்கள் தாமே அவிழும். 2017 ஜனவரி 17-இல் பிரதமர் தெரசா மே, ஒற்றைச் சந்தையிலிருந்தே வெளியேறப் போகிறோம் என்று அறிவித்தார். வணிகத்துக்குக் கெட்ட செய்தி. பவுண்டோ அன்று ஏறக்குறைய 3 சதவீதம் ஏறியது, 2008-க்குப் பிறகு ஒரே நாளில் கண்ட பெரிய ஏற்றம். கெட்ட செய்தியை முன்பே எதிர்பார்த்து விலை இறங்கியிருந்தது. இறுதி ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் வாக்குக்கு வரும் என்று அதே உரையில் அவர் சொன்னது புதிது. அன்று டாலரும் தளர்ந்திருந்தது, எல்லாப் புகழும் அந்த உரைக்கே போய்விடக் கூடாது. 2019 ஜனவரி 15-இல் அவருடைய ஒப்பந்தம் 432-க்கு 202 என்று படுதோல்வி அடைந்தது. நவீன பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எந்த அரசும் சந்திக்காத தோல்வி. வாக்கெடுப்புக்கு முன் இறங்கிய பவுண்டு, தோல்விக்குப் பின் மீண்டது. ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறும் வாய்ப்பு குறைந்துவிட்டது என்று சந்தை எடுத்துக்கொண்டது. செய்தி நல்லதா கெட்டதா என்று பார்த்தால் குழம்பிப்போவோம். எடை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

எல்லா அசைவுக்கும் இப்படி ஓர் அர்த்தம் உண்டென்று நம்பிவிடவும் கூடாது. 2016 அக்டோபர் 7, மலேசிய நேரம் காலை 7.07. பவுண்டு சில வினாடிகளில் சரியத் தொடங்கி, டாலருக்கு எதிராக மொத்தம் 9 சதவீதம் விழுந்து, சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி மீண்டுவிட்டது. யாரோ தவறான பொத்தானை அழுத்திவிட்டார் என்ற கதை உடனே பரவியது. சர்வதேசத் தீர்வு வங்கியின் குழு ஆராய்ந்து, ஒரே ஒரு காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்றது. முக்கியமானது நேரம். நியூயார்க் கடையை மூடிவிட்டது, லண்டன் தூங்குகிறது, ஆசியா இன்னும் முழுதாக விழிக்கவில்லை. விடிகாலையில் ஒரே ஒருவர் மட்டும் வாங்க வரும் டுரியான் கடையில், ஒரு கூடையை அவசரமாகத் தள்ளிவிட நினைத்தால் என்ன விலை கிடைக்கும்? விலையைத் தீர்மானித்தது பழத்தின் தரமல்ல, அந்த நேரத்தில் கடை முன் நின்றவர்களின் எண்ணிக்கை. கணினிகளும் விலை சொல்வதை நிறுத்திக்கொண்டபோது, அந்த ஓரிருவரும் இல்லாமல் போனார்கள்.

வரலாறு ஒரு பத்தி மட்டும், அதுவும் நம் ஊர்க் கதை என்பதால். 1906 முதல் நம் வெள்ளி பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது: ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். ரப்பரும் ஈயமும் லண்டனுக்குப் போன காலம் அது. 1967 ஜூனில் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது, பழைய நோட்டும் கூடவே புழங்கியது. நவம்பர் 18-இல் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கியது. புதிய வெள்ளி அசையவில்லை. பவுண்டோடு கட்டுண்ட பழைய நோட்டு மட்டும் 14.3 சதவீதம் விழுந்து, ஒரு பழைய வெள்ளி 85 சென் ஆனது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பவுண்டின் மதிப்பு குறையவில்லை என்று பிரதமர் ஹரால்ட் வில்சன் தம் மக்களுக்குத் தொலைக்காட்சியில் சொன்னார். கிந்தாவில் பழைய நோட்டாக 100 வெள்ளி சேர்த்து வைத்திருந்த பால்வெட்டுக் குடும்பத்துக்கு அந்த ஆறுதலும் இல்லை, அவர்கள் கையில் இருந்தது 85 வெள்ளி. நவம்பர் 24-இல் பினாங்கில் இதை எதிர்த்து மலாயாத் தொழிற்கட்சி அழைத்த ஹர்த்தால் கலவரமாகி உயிர்கள் போயின, ஊரடங்கு வந்தது. நிலையான மதிப்பு என்றால் நிச்சயமின்மை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நிச்சயமின்மை உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்து ஒரே இரவில் வெளிவரும். அந்த இரவில் அடிபடுவது யார் என்பதை லண்டன் தீர்மானித்தது, இங்கே அனுபவித்தார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கணிப்புகளைப் பற்றி. பிரெக்ஸிட் ஓட்டுக்கு மூன்று நாள் முன்பு முதலீட்டாளர் ஜார்ஜ் சோரஸ் எழுதினார்: பவுண்டு குறைந்தது 15 சதவீதம் விழும், 20 சதவீதத்தையும் தாண்டலாம், 1.15 டாலருக்கும் கீழே போகலாம். திசை சரி. 15 சதவீதச் சரிவும் வந்தது. 1.15 டாலரோ, அந்த அக்டோபர் காலையின் சில நிமிடங்களை விட்டால், அந்த மூன்றரை வருடத்தில் எட்டப்படவில்லை. 2019 செப்டம்பர் தொடக்கத்தில் 1.20-க்குச் சற்றுக் கீழே போய்த் திரும்பிவிட்டது. பவுண்டின் எல்லாக் காலத்துக்குமான தாழ்நிலை, ஏறக்குறைய 1.03 டாலர், வந்தது 2022 செப்டம்பர் 26-இல். காரணம் அதற்கு மூன்று நாள் முன்பு வந்த வரிச்சலுகைப் பட்ஜெட். பவுண்டுக்கு என்ன ஆனாலும் பிரெக்ஸிட் என்று சொல்கிறவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். மீஸ், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1983-இல் காட்டியது இன்றும் பெரும்பாலும் நிற்கிறது: அடுத்த சில மாதங்களுக்கு நாணய மதிப்பைக் கணிப்பதில், பெரிய மாதிரிகள் எவையும் “இன்றைய விலையே நாளைக்கும்” என்ற எளிய ஊகத்தை நம்பகமாக வென்றதில்லை. தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே விலைக்குள் போய்விட்டால், மிச்சம் இருப்பது தெரியாததுதான். வாட்ஸ்அப்பில் “பவுண்டு அடுத்த மாதம் இவ்வளவு” என்று வருபவற்றை நம்பிச் சேமிப்பைத் தொடாதீர்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பவுண்டை வெள்ளியில் வாங்குகிறோம், வெள்ளியும் அசையும் பொருள். 2016 ஜூனில் ஓட்டுக்கு முன் பவுண்டு ஏறக்குறைய 6 வெள்ளி. சில நாட்களில் ஐந்தரைக்குக் கீழே வந்தது, அக்டோபரில் 5.20-க்கும் கீழே. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தவர்கள் பலர். நவம்பரில் டிரம்ப் வென்றார், டாலருக்கு எதிராக வெள்ளி 4.48 வரை சரிந்தது. ஆண்டு முடிவில் பவுண்டு மீண்டும் ஐந்தரை வெள்ளி. பிரிட்டனில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, மாறியது நம் பக்கத்துத் தட்டு.

லகாட் வாசகருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பல, கட்டணத்தைத் தவணையாகக் கட்ட விடுகின்றன. தவணைத் தேதிகளை முதலில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தவணைக்கும் தேவையானதை இரண்டு மூன்று முறையாகப் பிரித்து மாற்றுங்கள். மாற்றும்போது பலகையில் விற்கும் விலையை மட்டும் பார்க்காமல், வாங்கும் விலையிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் நான்கு கடைகளில் ஒப்பிடுங்கள்.