ஒரே பொத்தான், ஒரே களஞ்சியம்: டிசைன் சிஸ்டம் குழுக்கள் வளரும் விதம்

ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கங்கள், செயலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்புகளைத் தருவது டிசைன் சிஸ்டம். பொத்தான், தேடல் பெட்டி, படிவம், பிழைச் செய்தி, நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவை எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளும் அவற்றைத் திரையில் இயக்கும் நிரலும் அதில் அடங்கும். இந்த இரண்டையும் பேணி வளர்க்க ஒரு குழு வேண்டும். குழு இல்லாத இடத்தில் விதி ஒரு பக்கமும் நிரல் இன்னொரு பக்கமும் போய்விடும்.

தமிழ் வாசகருக்கு மிகவும் பழக்கமான எடுத்துக்காட்டு விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், முந்நூறுக்கும் மேற்பட்ட பிற மொழி விக்கிப்பீடியாக்களும் மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருளில்தான் இயங்குகின்றன. வள்ளியூரில் ஒரு பள்ளி மாணவி கைப்பேசியில் தொடும் தேடல் பெட்டியும் லண்டனில் ஒருவர் தொடும் தேடல் பெட்டியும் ஒரே நிரலிலிருந்து பிறப்பவை. அந்த நிரலில் ஒரு குறை இருந்தால் இருவருக்கும் குறை. அது தீர்ந்தால் இருவருக்கும் தீர்வு.

பிரிந்து கிடந்த நிரல்

நிரல் சேமிக்கப்படும் இடம் களஞ்சியம். நிரலாளர்கள் பேச்சில் 'ரெப்போ'. எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற வரலாறும் அதற்குள் இருக்கும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவில் பொதுவான உறுப்புகள் பல காலம் பல களஞ்சியங்களில் சிதறிக் கிடந்தன. குறியீடு எழுதாமலே கட்டுரையைத் திருத்த உதவும் காட்சித் தொகுப்பியை உருவாக்கும் பணியோடு வளர்ந்த ஓஓயூஐ என்ற தொகுப்பு ஒன்று. நிறம், அளவு ஆகிய அடிப்படை மதிப்புகளுக்கு 'விக்கிமீடியா யூஐ பேஸ்' தனியாக இருந்தது. வடிவமைப்பு வழிகாட்டி வேறொரு தளத்தில் இருந்தது. 2020இல் வியூ என்ற புதிய நிரல் கட்டமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதற்கென இன்னொரு தொகுப்பும் உருவானது.

யாரும் பிழையாக வேலை செய்ததால் வந்த நிலை அல்ல இது. ஒவ்வொரு தொகுப்பும் அது எழுதப்பட்ட காலத்தின் தேவைக்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் ஒரே பொத்தானுக்குப் பல வடிவங்கள் வாழும்போது, ஒன்றில் செய்த திருத்தம் மற்றவற்றுக்குப் போய்ச் சேராது. வழிகாட்டியில் எழுதியிருப்பது ஒன்றாகவும் திரையில் தெரிவது வேறாகவும் ஆகிவிடும்.

கோடெக்ஸ் செய்த ஒருங்கிணைப்பு

இந்தச் சிதறலுக்கு விடையாக வந்தது கோடெக்ஸ். அதன் முதல் நிலையான பதிப்பு 2023இல் வெளியானது. உறுப்புகள், சின்னங்கள், அடிப்படை மதிப்புகள், விளக்க ஆவணம் ஆகிய நான்கும் ஒரே களஞ்சியத்துக்கு வந்தன. உள்ளே அவை தனித்தனிப் பொதிகளாகவே வெளியாகின்றன. சின்னம் மட்டும் வேண்டுபவர் அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிறம் மாறினால், அந்த மாற்றமும், அதனால் மாறும் பொத்தானும், அதை விளக்கும் ஆவணமும் ஒரே சமயத்தில் சரிபார்க்கப்படும்.

இதில் அடிப்படை மதிப்புகளின் பங்கு பெரியது. "இந்த நீலம்" என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதாமல், "ஒரு செயலை முன்னெடுக்கும் பொத்தானின் நிறம்" என்று அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். எல்லா உறுப்புகளும் அந்தப் பெயரையே அழைக்கும். இரவு நேரத்துக்கான இருண்ட திரையில் அதே பெயருக்கு வேறு மதிப்பைக் கொடுத்தால் போதும். பக்கம் பக்கமாகத் தேடித் திருத்த வேண்டியதில்லை.

தமிழுக்கு இதனால் நேரடிப் பயன் உண்டு. தமிழில் புள்ளியும் இகரக் குறியும் எழுத்தின் மேலே ஏறும்; உகரக் குறிகள் பல கீழே இறங்கும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து வரி உயரத்தைக் குறுக்கினால் 'பு', 'சு' போன்ற எழுத்துகளின் அடி வெட்டுப்படும். நீளமும் அப்படித்தான். கட்டுரையின் தலைப்பகுதியில் ஒரு பொத்தான் 'தொகு' என்று இரண்டே எழுத்தில் முடிய, பக்கத்திலேயே 'வரலாற்றைக் காட்டவும்' என்று இன்னொன்று நீள்கிறது. இரண்டையும் தாங்கும் பொத்தானைப் பொதுக் களஞ்சியத்தில் ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால், அதை எடுத்தாளும் எல்லாப் பக்கங்களுக்கும் அது சரியாகும்.

பிரிட்டன் அரசின் பாடம்

2012இல் தொடங்கிய பிரிட்டன் அரசின் பொது இணையதளமும் இதே வழியில் வந்தது. பக்க அமைப்புக்கு ஒன்று, உறுப்புகளுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று என அங்கே மூன்று தொகுப்புகள் இருந்தன. 2018 ஜூனில் அவற்றின் இடத்தில் ஒரே நிரல் தொகுப்பும், அதை விளக்கும் டிசைன் சிஸ்டம் தளமும் வந்தன. பழைய தொகுப்புகளில் இயங்கிய சேவைகள் ஒரே நாளில் மாற முடியாது என்பதால், பழையதும் புதியதும் ஒரே பக்கத்தில் மோதாமல் இயங்க வழி செய்து கொடுத்தார்கள். மாறுவதற்கு அவகாசம் தந்த பிறகே பழையவற்றுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது.

புதிய உறுப்பைச் சேர்க்கவும் அங்கே வெளிப்படையான முறை உண்டு. பலருக்குப் பயன்படுமா, ஏற்கெனவே உள்ளதன் மறுபதிப்பா என்று முதலில் பார்க்கிறார்கள். உருவாக்கிய பின், பல துறைகளின் பிரதிநிதிகள் அடங்கிய குழு அதன் தரத்தை ஆராய்கிறது.

குழு எப்படி வளர்கிறது

தொடக்கத்தில் ஒரு வடிவமைப்பாளரும் ஒரு நிரலாளரும் மற்ற வேலைகளுக்கு இடையில் இதைப் பார்த்துக்கொள்வார்கள். பயன்படுத்தும் குழுக்கள் பெருகப் பெருக, கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே அவர்களின் நாள் போய்விடும். முழுநேரக் குழு தேவைப்படும் கட்டம் அது. அப்போது பார்வையற்றோராலும் விசைப்பலகை மட்டும் பயன்படுத்துவோராலும் இயக்க முடிகிறதா என்று சோதிப்பவர், ஆவணம் எழுதுபவர், பயனர்களிடம் கேட்டறியும் ஆய்வாளர், பணிகளை வரிசைப்படுத்தும் பொறுப்பாளர் ஆகியோர் சேர்வார்கள். குழு எவ்வளவு வளர்ந்தாலும் எல்லா உறுப்புகளையும் தானே செய்துவிட முடியாது. மற்ற குழுக்கள் செய்து தருவதைச் சோதித்து ஏற்கும் முறை வேண்டும்.

இத்தகைய வேலைக்கு ஆட்கள் பெருநகரத்தில்தான் கிடைப்பார்கள் என்ற நிலை இன்று இல்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 முதல் மென்பொருள் பணி நடத்தி வருகிறது. கோடெக்ஸின் நிரலோ திறந்த மூலம். திருநெல்வேலிப் பொறியியல் மாணவர் அதைப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். தமிழ் எழுத்து எங்கே வெட்டுப்படுகிறது என்பதை அன்றாடம் தமிழ் படிப்பவரைவிட வேறு யார் முதலில் காண முடியும்?

ஒன்றாக்கும் வரிசை

களஞ்சியங்களை ஒன்றாக்குவதில் வரிசை முக்கியம். முதலில் என்னென்ன இருக்கிறது, எதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பட்டியல் எடுக்க வேண்டும். ஒரே வேலையைச் செய்யும் உறுப்புகளில் எது நிலைக்கும் என்று முடிவு செய்ய வேண்டும். மாற்ற வரலாறு அழியாமல் நிரலைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். பதிப்பு எண்ணில் ஒழுங்கு தேவை: பழைய பக்கத்தை உடைக்கக்கூடிய மாற்றம் என்றால் எண்ணைப் பார்த்ததுமே தெரிய வேண்டும்.

ஒரே களஞ்சியம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியும் அல்ல. கூகுள் தன் நிரலில் பெரும்பகுதியை, 2015 கணக்குப்படி சுமார் 200 கோடி வரிகளை, ஒரே களஞ்சியத்தில் வைத்திருந்தது. ஆனால் அதற்காகவே தனிக் கருவிகளையும் கட்டியது; அந்த வசதி எல்லோருக்கும் இல்லை. சேர்ந்தே மாறுபவை சேர்ந்தே இருக்க வேண்டும், தனித்தனியாக மாறுபவை தனித்திருக்கலாம் என்பதே நடைமுறை அளவுகோல். ஒன்றாக்கி முடித்த பின், பழைய களஞ்சியங்களை மாற்ற முடியாதபடி பூட்டி, புதியது எங்கே இருக்கிறது என்று அவற்றின் முகப்பில் எழுதிவைப்பது கடைசி வேலை. அதைச் செய்யாமல் விட்டால், பழகிய கை பழைய இடத்துக்கே போகும். ஒருங்கிணைப்பு என்ற பெயரில் இன்னொரு களஞ்சியம் கூடியதுதான் மிச்சமாகும்.