வி.பி.என். நிறுவனங்களை நம்பலாமா?

புதிதாக லேப்டாப் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால் சில நாட்களிலேயே ஒரு விளம்பரம் கண்ணில் படும். "உங்களை யாரோ கவனிக்கிறார்கள், உடனே எங்கள் வி.பி.என்.னை நிறுவுங்கள்" என்று பயமுறுத்தும். மாதம் சில நூறு ரூபாய் கட்டினால் இணையத்தில் நீங்கள் செய்வது எதுவுமே யாருக்கும் தெரியாது என்பது போலப் பேசும். சிலர் இலவசமாகவே தருகிறார்கள்.

நான் கொடைக்கானலில் வீட்டிலிருந்தபடியே சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். அதனால் நாயுடுபுரம் பக்கம் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் எனக்கு அழைப்பு வரும். இங்கே ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் அதிகம். அறைப் பதிவு, விருந்தினரின் ஆதார் நகல், பணக் கணக்கு எல்லாம் இப்போது லேப்டாப்பில்தான். அப்படி ஒருவர் சென்ற மாதம் கேட்டார்: "தம்பி, பையன் ஏதோ வி.பி.என். போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டான். காசு இல்லையாம். இனிமே எவனும் பாக்க முடியாதுங்கிறான், நெசமா?" "எவனும்னு சொல்ல முடியாதுண்ணே, அந்த வி.பி.என்.காரன் பாக்கலாமே" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

வி.பி.என். என்பது விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க் என்பதன் சுருக்கம். சாதாரணமாக நீங்கள் ஓர் இணைய தளத்தைத் திறக்கும்போது, தகவல்கள் பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் என உங்களுக்கு இணைப்பு தந்த நிறுவனத்தின் வழியாகச் செல்கின்றன. எந்தத் தளத்திற்குச் செல்கிறீர்கள் என்பது அந்நிறுவனத்திற்குத் தெரியும். தளத்தை நடத்துபவருக்கு உங்கள் ஐ.பி. முகவரி தெரியும். வி.பி.என். போட்டுவிட்டால் தகவல்கள் அனைத்தும் பூட்டப்பட்டு முதலில் அந்த வி.பி.என். நிறுவனத்தின் சர்வருக்குச் செல்லும். அங்கே பூட்டு திறக்கப்பட்டு, அந்த சர்வரின் முகவரியுடன் நீங்கள் கேட்ட தளத்திற்குப் போகும்.

எங்கள் மலைப் பாதையை வைத்துச் சொல்கிறேன். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சோதனைச் சாவடி இருக்கிறது. கண்ணாடி வேனில் போனால் உள்ளே யார் என்று சாவடியில் நிற்பவர் பார்த்துவிடலாம். திரை போட்ட வேன் என்றால், அது வத்தலக்குண்டுக்குப் போகிறது என்பது மட்டுமே தெரியும். அங்கே இறங்கி யார் மதுரை பஸ் ஏறினார், யார் திண்டுக்கல் பஸ் ஏறினார் என்பது தெரியாது. ஆனால் வேன் டிரைவருக்கு எல்லாம் தெரியும். வி.பி.என். உங்கள் மீதுள்ள கண்ணை எடுத்துவிடுவதில்லை. இணைப்பு தந்த நிறுவனத்தின் கண்ணுக்குப் பதில் இன்னொரு நிறுவனத்தின் கண். அது எந்த நாட்டில் இருக்கிறது, யாருக்குச் சொந்தம் என்பதுகூட நமக்குப் பெரும்பாலும் தெரியாது.

அந்த டிரைவர், யார் எங்கே இறங்கினார் என்று நோட்டில் எழுதி வைக்கிறாரா? கம்ப்யூட்டர் மொழியில் அந்த நோட்டுக்கு லாக் என்று பெயர். ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் "நோ லாக்ஸ்", அதாவது எதையும் எழுதி வைப்பதில்லை என்றே விளம்பரம் செய்கின்றன. நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. போலீஸ் போய்க் கதவைத் தட்டினாலோ, தகவல் கசிந்தாலோதான் வெளிவரும்.

அப்படி வெளிவந்தவை உண்டு. 2011ல் சோனி பிக்சர்ஸ் தளத்தில் புகுந்த ஒருவர், இங்கிலாந்தின் ஹைட் மை ஆஸ் என்ற வி.பி.என். பின்னால் ஒளிந்திருந்தார். நீதிமன்ற உத்தரவு வந்ததும் நிறுவனம் இணைப்பு விவரங்களைக் கொடுத்துவிட்டது. 2017ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண்ணை இணையம் வழியே தொல்லைப்படுத்தியவரைப் பிடிக்க, ப்யூர் வி.பி.என். நிறுவனத்தின் பதிவுகள் எப்.பி.ஐ.க்கு உதவின. அந்நிறுவனம் லாக் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துவந்ததுதான். இதில் வேடிக்கை, லாக் வைக்காத வி.பி.என். என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ட்விட்டரில் எழுதியவர் அந்தக் குற்றவாளியேதான்! குற்றவாளி பிடிபட்டது நல்லதே. ஆனால், இல்லை என்று சொன்ன நோட்டு இருந்திருக்கிறது. அதில் குற்றம் செய்யாத வாடிக்கையாளர்களின் கணக்கும் இருந்திருக்கும் அல்லவா?

யு.எப்.ஓ. வி.பி.என். கதை இன்னும் மோசம். 2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சேர்ந்த இந்நிறுவனத்தின் 894 ஜி.பி. அளவுள்ள பதிவுகள், பாஸ்வேர்ட் கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. அதில் பயனாளர்களின் பாஸ்வேர்டுகளும் ஐ.பி. முகவரிகளும் இருந்தன. இதுவும் "நோ லாக்ஸ்" என்று சொன்ன இலவச வி.பி.என். தான்.

மறுபக்கமும் உண்டு. 2023 ஏப்ரலில் சுவீடன் போலீசார் தேடுதல் வாரன்ட்டுடன் முல்வாட் என்ற வி.பி.என். நிறுவனத்தின் அலுவலகத்திற்குச் சென்றனர். கேட்ட தகவல் எங்களிடம் இல்லை என்று நிறுவனம் விளக்கியது. போலீசார் வெறுங்கையுடன் திரும்பினர். இந்நிறுவனம் இ-மெயில் முகவரி கூடக் கேட்பதில்லை, ஒரு கணக்கு எண் மட்டும் தருகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் செயல்படும் செர்ட்-இன் அமைப்பு, 2022 ஏப்ரல் 28ல் ஓர் உத்தரவு பிறப்பித்தது. இதன்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு ஒதுக்கப்பட்ட ஐ.பி. முகவரி, எதற்காகச் சேவையைப் பெறுகிறார் என்பது வரை பதிவு செய்து, அவர் சேவையை நிறுத்திய பிறகும் 5 ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். இணையக் குற்றங்களை விசாரிக்க இந்த விவரம் தேவை என்பது அரசின் தரப்பு. எதையும் எழுதி வைப்பதில்லை என்று சொல்லி வியாபாரம் செய்பவர்களுக்கு இது நேர் எதிர். விரும்பாதவர்கள் இந்தியாவை விட்டு வெளியேறலாம் என்று அப்போதைய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் வெளிப்படையாகவே சொன்னார்.

வெளியேறினார்கள். 2022 ஜூனில் எக்ஸ்பிரஸ் வி.பி.என். இந்தியாவிலிருந்த தன் சர்வர்களை நீக்குவதாக அறிவித்தது. அடுத்து சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என்., பிறகு புரோட்டான். உத்தரவு அமலாகும் நாள் செப்டம்பர் 25க்குத் தள்ளிவைக்கப்பட்டது. வெளியேறியவர்களில் சிலர் இந்திய முகவரியை சிங்கப்பூரில் வைத்த சர்வர் மூலம் தருகிறார்கள். திரையில் "இந்தியா" என்று இருக்கும், தகவல் சிங்கப்பூர் போய்த் திரும்பும். மன்னவனூர், பூம்பாறை போல சிக்னல் தள்ளாடும் இடங்களில் இந்தச் சுற்றுவழி நன்றாகவே உறைக்கும்.

இந்த உத்தரவு வி.பி.என்.னைத் தடை செய்யவில்லை என்பதையும், நீங்கள் பார்த்த தளங்களின் பட்டியலை வைத்திருக்கும்படி வி.பி.என். நிறுவனங்களைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த முகவரி எப்போது யாருக்குத் தரப்பட்டது என்று தெரிந்தால், அதைத் தளத்தின் பதிவோடு பொருத்திப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. அலுவலகங்கள் ஊழியர்களுக்குத் தரும் வி.பி.என்.களுக்கு விலக்கு உண்டு. நான் தினமும் பயன்படுத்துவது அந்த வகைதான். அதில் நான் செய்வதை என் அலுவலகம் பார்க்கலாம் என்று தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன்.

இலவச வி.பி.என்.களுக்கு வருவோம். உலகம் முழுக்க சர்வர் வைத்து நடத்தப் பணம் வேண்டும். உங்களிடம் வாங்காவிட்டால் உங்களை வைத்துச் சம்பாதிக்க வேண்டும். பேஸ்புக் 2013ல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் வி.பி.என். மூலம் மக்கள் போனில் எந்தெந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்து வந்தது. 2018ல் அது ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்தும், 2019ல் முற்றாகவும் விலக்கப்பட்டது. ஹோலா என்ற இலவசச் சேவை, பயனாளர்களின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015ல் தெரியவந்தது. அதாவது முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு முகவரியில் இணையத்தில் உலாவலாம். அவர் செய்யும் தப்புக்கு விசாரணை உங்கள் வாசலுக்கு வரும். 2016ல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்களும் பிற பல்கலைக்கழகத்தினரும் ஆண்ட்ராய்டுக்கான 283 வி.பி.என். ஆப்களைச் சோதித்தனர். 18 சதவீதம் தகவலைப் பூட்டவே இல்லை! 38 சதவீதத்தில் வைரஸ் போன்றவற்றின் அறிகுறி இருந்தது.

"எது நல்ல வி.பி.என்.?" என்று பட்டியல் போடும் தளங்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகியவற்றை வாங்கிய கேப் டெக்னாலஜிஸ், 2021ல் வி.பி.என்.களுக்கு மதிப்பெண் போடும் வி.பி.என். மென்டர் தளத்தின் உரிமையாளர் நிறுவனத்தையும் வாங்கியது. பரீட்சை எழுதுபவரே விடைத்தாள் திருத்தும் கதைதான்.

அப்படியானால் வீட்டு உபயோகத்துக்கு வி.பி.என். தேவையா? என் கருத்தில் பெரும்பாலானோருக்குத் தேவை இல்லை. முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும் தளங்களில் நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டும் கார்டு எண்ணும் ஏற்கெனவே பூட்டப்பட்டே செல்கின்றன. லாட்ஜ் வை-பை வைத்திருப்பவருக்கு நீங்கள் எந்த வங்கியின் தளத்திற்குப் போனீர்கள் என்பது தெரியலாம், உள்ளே என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. (முகவரி அப்படித் தொடங்குவதால் மட்டும் தளம் நேர்மையானது என்று அர்த்தமில்லை. போலி முன்பதிவுத் தளங்களும் அப்படித்தான் தொடங்குகின்றன.) ஜிமெயிலில் லாகின் செய்தபடி வி.பி.என். போட்டால் கூகுளுக்கு நீங்கள் யார் என்பது தெரிந்தே இருக்கும். லேப்டாப்பில் உள்ள ஆதார் நகல்களை வைரஸிடமிருந்து அது காப்பதும் இல்லை. அந்த ஹோம்ஸ்டே அண்ணனுக்கு நான் செய்தது, ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றி, விருந்தினருக்குத் தனி வை-பை பிரித்துக் கொடுத்ததுதான். சீசனில் அவர் வீட்டு வை-பையில் முப்பது பேர் ஏறுவார்கள். அவர் லேப்டாப்பும் அதே இணைப்பில்தான் இருந்தது.

இணைப்பு தரும் நிறுவனத்தைவிட ஒரு வி.பி.என். நிறுவனத்தை நம்புவதற்கு உங்களுக்குக் காரணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும் முன் அதன் பிரைவசி பாலிசியில் இணைப்பு நேரம், ஐ.பி. முகவரி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வெளியார் தணிக்கை நடந்திருக்கிறதா, எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். தள்ளுபடி என்று 3 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். நிறுவனம் கைமாறினால் வெளியேற வசதியாக இருக்கும்.

இலவச வி.பி.என். ஏற்கெனவே இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பிரிவுக்குச் சென்று அன்இன்ஸ்டால் செய்திடுங்கள். பல வி.பி.என்.கள் பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். குரோமில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து அதையும் தனியே நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திடுங்கள்.