மூட்டை தூக்குறவருக்கு பி.பி. எவ்வளவு?

மே மாசம் வந்தால் காலேஜ் பையன்கள் என்ன செய்வார்கள்? மத்தியானம் வரை தூக்கம், சாயங்காலம் கிரிக்கெட், மிச்ச நேரத்தில் அப்பாவிடம் திட்டு. இந்த மூன்றையும் விட்டுவிட்டு, ராத்திரி இரண்டரை மணிக்கு பி.பி. மெஷினும் கையுமாகத் திருச்சி காந்தி மார்க்கெட்டில் லோடுமேன்கள் பின்னால் அலைந்த இரண்டு பேரை இந்தக் கோடையில் பார்த்தேன். ஒருவர் எம்.ஏ. பொருளாதாரம். இன்னொருவர் ஸ்ரீரங்கத்துப் பெண், பொது சுகாதாரத்தில் முதுகலை. "ரிப்போர்ட் முடியறவரைக்கும் பேர் போடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். சரி, தம்பி, தங்கச்சி என்றே வைத்துக்கொள்வோம். தங்கச்சியின் அப்பா டீக்கடை பெஞ்சில் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு காவல் இருந்தார்!

இவர்கள் செய்வது 'சம்மர் ஃபெலோஷிப்'. அதாவது, கோடை லீவில் இரண்டு மாசம் ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் ஓர் ஆராய்ச்சி. உதவித்தொகையும் உண்டு. நம்ம ஆபீஸில் ஒரு ஃபைல் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குப் போவதற்கே இரண்டு மாசம் ஆகும் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஆனால் இது புதுச் சமாசாரம் அல்ல. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டு மாச ஆராய்ச்சித் திட்டத்தை 1979-லேயே தொடங்கிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. வெளிக் கல்லூரி மாணவர்களைக் கோடையில் கூப்பிட்டு வேலை கொடுக்கிறது. டெல்லி நிதி ஆயோக்கில் சுகாதாரப் பிரிவிலேயே பயிற்சிக்குச் சேரலாம். குறைந்தது ஆறு வாரம். ஆனால் அங்கே சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்துதான் மணியார்டர்!

தம்பியும் தங்கச்சியும் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. மூட்டை தூக்குகிறவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் எத்தனை நாள் கூலி போகிறது? அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது? கூடவே ரத்த அழுத்தமும் பார்ப்பது என்று முடிவு.

பி.பி. பார்ப்பது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்தேன். கம்பசூத்திரம்தான். முறைப்படி பார்ப்பதென்றால், அரைமணி நேரத்துக்கு முன்னாலிருந்தே டீ, காபி, பீடி எதுவும் கூடாது. முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். அப்புறம் ஒரு தடவைக்கு மேல் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். லாரி வந்து நிற்கிற நேரத்தில் யார் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருவார்கள்? சும்மாட்டைத் தலையில் வைத்தபடியே ஒருவர் சொன்னார்: "ஏன் தம்பி, அஞ்சு நிமிஷத்துல நான் நாலு மூட்டை இறக்கிடுவேன். அந்தக் கூலியை உங்க மெஷினா குடுக்கும்?"

நியாயமான கேள்விதானே! கடைசியில் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். லாரி சரக்கெல்லாம் இறங்கி முடிந்து, விடிகாலையில் எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு உட்காரும் நேரம்தான் சரி. டீ வருவதற்கு முன்னால் பி.பி., அப்புறம் டீ. டீக்கடைக்காரரும் இந்த ஒப்பந்தத்தில் ஒரு பார்ட்டி.

அடுத்தது சம்மதப் படிவம். ஆராய்ச்சி எதற்காக, என்ன கேட்பார்கள், இஷ்டமில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று படித்துக் காட்டித்தான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். தங்கச்சி பொறுமையாகப் படித்தார். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எல்லாம் சரி பாப்பா. இதுல எனக்கு என்ன?"

நானாக இருந்தால், "உங்களுக்கு நல்ல காலம் பொறக்கப் போகுதுங்க" என்று அள்ளி விட்டிருப்பேன். தங்கச்சி அப்படிச் சொல்லவில்லை. "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல ஐயா. பி.பி. அதிகமா இருந்தா பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவோம். மத்தபடி, நீங்க சொல்றதை ஒழுங்கா எழுதி மேலே குடுப்போம். நடக்குமான்னு எங்களுக்குத் தெரியாது" என்றார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொய் சொல்லல. எழுதிக்க" என்று கட்டைவிரலை நீட்டினார்.

ஒரு வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோதுதான் தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் கட்டுமஸ்தாக இருக்கிறார்கள். முதுகுவலி என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். மூட்டை தூக்குவது உடம்புக்கு அவ்வளவு நல்லதா?

இங்கே ஒரு லண்டன் கதை சொல்ல வேண்டும். 1953-ல் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். மாடி பஸ்ஸில் நாளெல்லாம் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று கண்டுபிடித்தார். உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது என்பதற்கு முதல் பெரிய ஆதாரம் அதுதான். (நாற்காலியைத் தேய்க்கும் நீங்களும் நானும் டிரைவர் கட்சி!) ஆனால் மனுஷர் அதோடு விடவில்லை. 1956-ல் பஸ் கம்பெனியின் யூனிஃபார்ம் கணக்கை எடுத்துப் பேன்ட் அளவைப் பார்த்தார். டிரைவர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்பு பெருத்துத்தான் இருந்திருக்கிறது! அதாவது, எந்த ஆள் எந்த வேலைக்கு வருகிறார், யார் அதில் நிலைக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

காந்தி மார்க்கெட்டிலும் அதே கதைதான். முதுகு போனவர் மார்க்கெட்டுக்கே வரமாட்டாரே! மெஷினோடு மார்க்கெட்டில் நின்றால், தூக்க முடிகிறவர்களை மட்டும்தான் பார்க்க முடியும். எனவே தம்பி கேள்வியை மாற்றினார். "போன வருஷம் உங்ககூட தூக்கினவர்ல இப்ப வராதவர் யாருண்ணே?" மடமடவென்று பெயர்கள் வந்தன. ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனார்கள்.

அதில் ஒரு வீட்டுக்கு நானும் போனேன். ஐம்பது வயசுகூட ஆகாத மனுஷர், இடுப்பில் பெல்ட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மனைவி வீட்டு வேலைக்குப் போகிறார். மகன் பிளஸ் டூ முடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டு மொபைல் கடையில் நிற்கிறான். "ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கார்டு இருக்கு தம்பி. ஆனா ஆபரேஷன் பண்ணினா மூணு மாசம் படுக்கணும்ங்கிறாங்க. அந்த மூணு மாசத்துக்கு எந்தக் கார்டைக் காட்டுறது?"

ஆபீஸ் போகும் நண்பர்கள் பலருடைய சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். எதற்கு இந்தத் தண்டம் என்று அலுத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு ஒரு முதலாளி வேண்டும். லோடுமேனுக்கு முதலாளி யார்? லாரிக்காரரா, மண்டிக்காரரா, சரக்கு வாங்குகிறவரா? ஆளுக்கொரு மூட்டைக்குத்தான் முதலாளி. 1982-ல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்து, நலவாரியமும் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து, பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. படுத்திருக்கும் நாளின் கூலிதான் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளி எத்தனை ரூபாய் அகலம் என்று அளப்பதுதான் இந்த இரண்டு மாச வேலை.

மூட்டையின் எடைக்கே ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் சீக்கிரமே அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் சிபாரிசு செய்தது. அதே ஆண்டு வந்த சுமை உடன்படிக்கையை இந்தியா 2010-ல் ஏற்றுக்கொண்டது. நடுவில் 43 வருஷம்! கழுத்து அதுவரை காத்திருக்குமா?

"இப்படி எழுதி மேலே கொடுத்தால் ஏதாவது நடக்குமா சார்?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, அதுவும் நம்ம சென்னையில். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும். ஏழைக்கு இரண்டுக்கும் வழியில்லை. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கும் மற்றதை வீட்டுக்கும் அனுப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். 1959-ல் வந்த முடிவு உலகத்தையே ஆச்சரியப்படுத்தியது. ஒண்டுக்குடித்தனத்தில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள்! அப்புறம்தான் தேசம் தேசமாகச் சானடோரியங்கள் காலியாகி, வீட்டிலேயே வைத்தியம் என்ற முறை வந்தது. அந்த 193 பேரில் எத்தனை பேர், "இதுல எனக்கு என்ன?" என்று கேட்டிருப்பார்களோ!

சமீபத்திய கதையும் உண்டு. 2020-ல் தமிழ்நாடு முழுக்க எடுத்த ஒரு சர்வேயில், ரத்த அழுத்தம் இருப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருப்பது தெரிந்தது. 2021 ஆகஸ்டில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. கணக்கு சரியாக இருந்தால், என்றைக்காவது ஒருநாள் அது ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்.

காந்தி மார்க்கெட்டுக்கும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். எங்கே மாற்றலாம், எப்போது திறக்கலாம் என்று எத்தனையோ பேச்சு நடந்தது. சரக்கு போன இடத்துக்கெல்லாம் அதைச் சுமக்கிற தோளும் கூடவே போனது. அந்தத் தோளின் கணக்கைத்தான் தம்பியும் தங்கச்சியும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் போகும். ஆனால் அதோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதி, டீக்கடைச் சுவரில் ஒட்டப்போவதாகத் தங்கச்சி சொன்னார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துக் காட்டுவாராம். அடுத்த மே மாசம் உங்கள் வீட்டுப் பையன் பன்னிரண்டு மணி வரை தூங்கினால் திட்டாதீர்கள் சார். இந்த மாதிரி ஒரு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டரை மணிக்குத் தானாகவே எழுந்திருப்பான்!