ஃபான்டீன் எப்போது அழ வேண்டும்? எங்கள் வீட்டு வழக்கு!

மேடையில் பார்த்து மனசில் பதிந்துபோன நாடகத்தை யாராவது சினிமாவாக எடுத்துவிட்டால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 'நாடகத்தில் இருந்த உயிர் இதில் இல்லை' என்பது ஒரு கட்சி. 'நாடகம் பார்க்கக் கொடுத்து வைக்காத எங்களுக்கு இதுவே பெரிசு' என்பது இன்னொன்று. 'லே மிஸரபிள்' என்ற பாட்டு நாடகம் 2012 டிசம்பரில் ஆங்கிலப் படமாக வந்தது. அன்று ஆரம்பித்த சண்டை அதன் ரசிகர்களுக்குள் இன்றுவரை ஓயவில்லை. எங்கள் வீட்டிலும் ஓயவில்லை! மேடைக் கட்சிக்கு என் மகள். சினிமாக் கட்சிக்கு நான். 80 வயதைத் தாண்டிய என் மாமியார் மூன்றாவதாக ஒரு தனிக் கட்சி.

கதை தெரியாத தோழியருக்காக நாலு வரி. ஒரு ரொட்டி திருடியதற்காகச் சிறை சென்று, தப்பிக்க முயன்ற குற்றமும் சேர்ந்து 19 வருடம் உள்ளே இருந்தவன் ஜான் வால்ஜான். ஒரு பாதிரியாரின் கருணையால் நல்லவனாக மாறுகிறான். சட்டமே தெய்வம் என்றிருக்கும் போலீஸ் அதிகாரி ஜாவர் அவனை விடாமல் துரத்துகிறார். நடுவில், காதலன் கைவிட்ட ஃபான்டீன் என்ற ஏழைத் தாய். அவள் இறந்த பிறகு அவளுடைய குழந்தை கோஸெத்தை வால்ஜான்தான் வளர்க்கிறான்.

கேட்டதுமே மாமியார், "அடடே, இது 'ஏழை படும் பாடு' ஆச்சே!" என்றார். அதேதான். விக்டர் ஹியூகோ 1862-ல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல் இது. தமிழில் கவியோகி சுத்தானந்த பாரதியார் அந்தப் பெயரில் தந்தார். 1950-ல் நாகையா நடிக்க, கே. ராம்நாத் டைரக்ஷனில் படமாகவும் வந்தது. போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்த வேடமே பெயராகி, கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன்தான். 'பட்டணத்தில் பூதம்' படத்து ஜீபூம்பா என்றால் சின்னவர்களுக்கும் புரியும்.

இதைப் பாட்டு நாடகமாக முதலில் போட்டது 1980-ல், பாரீஸில். ஆங்கிலத்தில் லண்டன் மேடைக்கு வந்தது 1985 அக்டோபரில். பேச்சு என்பதே ஏறக்குறைய கிடையாது, எல்லாம் பாட்டுத்தான். அன்றைக்கு லண்டன் விமரிசகர்கள் பலர், பெரிய நாவலைக் கெடுத்துவிட்டார்கள் என்று வறுத்தெடுத்தார்கள். ஜனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. 2025-ல் லண்டனில் 40 வருடம் நிறைவும் ஆகிவிட்டது. இதை மகளிடம் அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். 'நாவலை நாடகம் கெடுத்துவிட்டது' என்று அன்று சொன்னவர்களும், 'நாடகத்தைப் படம் கெடுத்துவிட்டது' என்று இன்று சொல்கிறவர்களும் ஒரே குலம்தானே!

அவள் விடுவாளா? 2017-ல் லண்டனில் படித்தபோது, சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, உச்சி மாடி சீட்டில் இரண்டு தடவை பார்த்தவள். பாட்டு எல்லாம் மனப்பாடம். அவளுடைய முதல் புகாரே பாட்டைப் பற்றித்தான்.

சினிமாவில் பாட்டு எப்படி எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியும். முதலில் ஒலிப்பதிவு. பிறகு படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பு. டைரக்டர் டாம் ஹூப்பர் இதைத் தலைகீழாக்கினார். நடிகர்களே காமிரா முன் நேரடியாகப் பாடினார்கள். காதுக்குள் சின்னக் கருவி. அதில் எங்கோ மறைவில் ஒருவர் வாசிக்கும் பியானோ மட்டும் கேட்கும். நடிகர் இழுத்தால் பியானோவும் இழுக்கும், நிறுத்தினால் நிற்கும். முழு வாத்தியக் குழுவைப் பிற்பாடு சேர்த்தார்கள். (நம் ஊர் ஆரம்பகாலப் பேசும் படங்களில், வாத்தியக்காரர்கள் காமிராவுக்குப் படாமல் ஒளிந்திருந்து வாசிக்க, நடிகர்கள் பாடிக்கொண்டே நடித்த கதைதான்!)

இதனால் என்ன ஆயிற்று? பாடத் தெரிந்தவர் தப்பித்தார், தெரியாதவர் மாட்டிக்கொண்டார். ஜாவராக வந்த ரஸ்ஸல் க்ரோ நல்ல நடிகர். ஆனால் இடி மாதிரி இறங்க வேண்டிய குரல் அவரிடம் இல்லை. படம் வந்த சமயத்தில் ஒரு பிரபல பாடகர் இதைப் பகிரங்கமாகவே குறை சொல்ல, க்ரோ மறுக்கவில்லை. டைரக்டர் இப்படிப் பச்சையாகத்தான் கேட்டார் என்கிற மாதிரி பதில் சொன்னார். வால்ஜானாக வந்த ஹ்யூ ஜாக்மன் மேடையில் பழகினவர்தான். ஆனால் தூங்கும் இளைஞனுக்காக இரவில் வால்ஜான் செய்யும் பிரார்த்தனைப் பாட்டு இருக்கிறதே, அது லண்டனின் முதல் வால்ஜானான கோம் வில்கின்சனின் மெல்லிய உச்சக் குரலை மனசில் வைத்தே போட்ட மெட்டு. "தூங்கறவனை எழுப்பிடற மாதிரி பாடறார்ம்மா" என்கிறாள் மகள். இதில் எனக்கும் வாதாட ஒன்றுமில்லை.

அடுத்த புகார், முகம் முகமாகவே காட்டுகிறார்கள் என்பது. அவள் பார்த்த நாடகத்தில் மேடையின் நடுப்பகுதி வட்டமாகச் சுழலும். தெருவில் கலகக்காரர்கள் எழுப்பும் தடுப்பு, சண்டை முடிந்ததும் மெதுவாகத் திரும்பி, பின்பக்கம் கிடக்கும் பிள்ளைகளின் உடல்களைக் காட்டுமாம். சபையில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காதாம். இடைவேளைக்கு முன் வரும் பெரிய பாட்டில் காதலர்கள், மாணவர்கள், போலீஸ், திருட்டுத் தம்பதி என்று அத்தனை பேரும் ஒரே மேடையில் நின்று ஆளுக்கொரு வரி பாடிச் சேருவார்கள். படத்தில் அவரவர் அவரவர் இடத்தில் பாடுகிறார்கள். காமிரா இங்கும் அங்கும் தாவுகிறது. "ஒண்ணா நின்னாத்தான் அது சமுத்திரம், பிரிச்சா வாளித் தண்ணி" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் தோழியரே, ஃபான்டீன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரவே மாட்டேன்.

அவளுக்கு வேலை போவது எப்படித் தெரியுமா? கூட வேலை செய்கிற பெண்களால்தான். கல்யாணமாகாத அவளுக்கு ஒரு குழந்தை இருப்பது கடிதத்தால் தெரிந்துவிட, அவர்களே மேஸ்திரியிடம் காட்டிக்கொடுக்கிறார்கள். வேலை போய் நடுத்தெரு. குழந்தையோ வேறு ஊரில், சத்திரக்காரத் தம்பதியிடம். அதற்குச் சீக்கு, இதற்குப் பணம் அனுப்பு என்று அவர்களிடமிருந்து கடிதம் மேல் கடிதம். தலைமுடியை விற்கிறாள். பல்லை விற்கிறாள். கடைசியில் தன்னையே விற்கிறாள். நாவலில் முடிக்குக் கிடைப்பது 10 ஃபிராங்க். அதில் குழந்தைக்கு ஒரு கம்பளிப் பாவாடை வாங்கி அனுப்புகிறாள். அந்தத் தம்பதி அதைத் தங்கள் மகள் எபோனினுக்குப் போட்டுவிட, கோஸெத் குளிரில் நடுங்கிக்கொண்டே இருக்கிறாள். இந்த இடத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஃபான்டீனுக்கு ஒரு பெரிய பாட்டு உண்டு. இளமையில் கண்ட கனவெல்லாம் பாழாய்ப் போனதைச் சொல்லும் பாட்டு. நாடகத்தில் இது வேலை போன உடனே வருகிறது. முடியை விற்பது, விழுவது எல்லாம் பிறகுதான். படத்தில் மாற்றிவிட்டார்கள். எல்லாம் விற்றுத் தீர்ந்து, மொட்டைத் தலையோடு இருட்டில் கிடக்கும்போது பாடுகிறாள். ஆன் ஹாத்தவேயின் நிஜமான கூந்தலையே காமிரா முன் வெட்டினார்கள். அவருடைய அம்மாவும் அமெரிக்காவில் இந்த நாடகக் குழுவில் நடித்தவர், ஃபான்டீன் வேடமும் போட்டவர். ஏறக்குறைய வெட்டே இல்லாமல் அந்த ஒரு முகத்தை மட்டும் காட்டி முழுப் பாட்டையும் எடுத்திருக்கிறார்கள். மூக்கு ஒழுகுகிறது, குரல் உடைகிறது. படம் வாங்கிய 3 ஆஸ்கரில் சிறந்த துணை நடிகைக்கான ஒன்று அவருக்கு.

மகள் சொல்வது இது: "மேடையில அவகிட்ட இன்னும் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கிட்டிருக்கும்மா. அதைக் கேட்டுட்டு, அப்புறம் அவ விழறதைப் பார்க்கறோம் பாரு, அதுதான் கொடுமை. படத்துல எல்லாம் முடிஞ்ச பிறகு அழறா. அது வெறும் ஒப்பாரி."

நான் கேட்டேன்: "ஏன்டி, வேலை போன அன்னிக்கு எந்த அம்மா நின்னு பாடுவா? வாடகைக்கு என்ன பண்றது, கொழந்தைக்கு என்ன அனுப்பறதுன்னு ஓடுவாளா, கனவைப் பத்தி யோசிப்பாளா? ஓட்டமெல்லாம் முடிஞ்சு, விக்க இனிமே ஒண்ணுமில்லைன்னு உட்கார்றப்பத்தான் அழுகையே வரும்."

வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் நாம் என்ன செய்கிறோம்? ஆஸ்பத்திரி, பணம், சமையல், வந்தவர்களுக்குக் காபி என்று பத்து நாள் ஓடுகிறோம். பதினோராம் நாள் ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அடுக்களையில் உட்கார்ந்தால்தான் கண்ணீர் வருகிறது. பாட்டை இடம் மாற்றியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. உச்சி மாடி சீட்டிலிருந்து அந்த முகம் தெரியவா போகிறது என்றும் கேட்டேன். "முகம் தெரியலைன்னாலும் குரல் வந்து நெஞ்சுல குத்தும்மா" என்றாள். சளைக்காத பெண்!

மாமியாருடைய ஓட்டு யாருக்கு என்கிறீர்களா? கலகத்தில் கவ்ரோஷ் என்ற சின்னப் பையன் செத்துக் கிடக்கிறான். ஜாவர் வந்து பார்த்து, தன் மார்பிலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவன் சட்டையில் குத்திவிட்டுப் போகிறார். நாடகத்தில் இது இல்லை, படத்தில் சேர்த்தது. "இரும்பு மாதிரி இருக்கிற மனுஷன் இப்படிக் கரையலாமா?" என்று மேடை ரசிகர்கள் கோபிக்கிறார்கள். மாமியாருக்கோ படத்திலேயே பிடித்த இடம் அதுதான். "கொழந்தை செத்துக் கெடந்தா போலீஸ்காரனுக்கு மட்டும் வயிறு எரியாதா?" என்றார். அதற்காகப் பாடத் தெரியாத அந்த ஜாவரை மன்னித்தும் விட்டார்!

ஒரே ஒரு இடத்தில் நானும் மகளும் ஒரே கட்சி. முடிவில் வால்ஜான் உயிர் விடும்போது, நாடகத்தில் இறந்துபோன இரண்டு பெண்கள் வந்து அழைத்துப் போகிறார்கள். ஒருத்தி ஃபான்டீன். இன்னொருத்தி எபோனின், மேலே சொன்ன பாவாடையைப் போட்டுக்கொண்ட அதே பெண். வளர்ந்து, தன்னைத் திரும்பிப் பார்க்காத ஒருவனுக்காகக் கலகத்தில் குண்டு பட்டுச் சாகிறாள். படத்தில் எபோனினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாதிரியாரை நிறுத்தினார்கள். பாதிரியாராக வருவது பழைய வால்ஜான் வில்கின்சனேதான். மேடை ரசிகர்களுக்கு அது பெரிய விருந்து. நாவலிலும் அந்த நேரத்தில் பாதிரியாரின் நினைவுதான் வருகிறது. கணக்குப் பார்த்தால் படம் செய்தது சரி.

ஆனால் எபோனினாக நடித்த சமந்தா பார்க்ஸ் லண்டன் மேடையிலும் அதே வேடம் போட்டவர். படத்தில் சுருதி பிசகாமல் பாடிய சிலரில் ஒருவர். "உசிரோட இருக்கறப்பதான் அவளை யாரும் பார்க்கலை, செத்த பிறகும் ஒதுக்கணுமா?" என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. மாமியார் மட்டும், "பாதிரியார் வரட்டும், அவளும் வரட்டும். வாசல்ல இடமா இல்லை?" என்றார்.

இரண்டும் பார்த்த தோழியர் இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். ஃபான்டீன் பாட்டு முடி போவதற்கு முன்னாலா, பின்னாலா? எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

- ஒரு வாசகி