நீதிபதியின் நிறம்

1975-ஆம் ஆண்டு. 'பெண் என்பதால் எங்களுக்கு வேலை தர மறுக்கிறார்கள்' என்று நியூயார்க்கின் பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றின் மீது பெண் வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் தரப்பு, விசாரணை நீதிபதியே விலக வேண்டும் என்றது. அவர் ஒரு பெண், அதுவும் கறுப்பினப் பெண். பாகுபாட்டுக்கு எதிராகப் பல ஆண்டுகள் வாதாடியவர். அவரிடம் நடுநிலையை எதிர்பார்க்க முடியாதாம்.

நீதிபதி விலக மறுத்தார். இனமும் பாலினமும்தான் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் யாருமே இந்த வழக்கை விசாரிக்க முடியாது, ஏனெனில் எல்லா நீதிபதிகளுக்கும் அவை இருக்கின்றன என்ற பொருளில் உத்தரவிட்டார். வெள்ளை ஆண் நீதிபதி ஒருவரிடம் இப்படிக் கேட்கும் துணிவு யாருக்காவது வந்திருக்குமா? சந்தேகம் எப்போதும் ஒரே திசையில்தான் பாய்கிறது.

அந்த நீதிபதியின் பெயர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. 1921-இல் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர். பெற்றோர் கரீபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா, யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையல்காரர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது மகளைக் கல்லூரிக்கு அனுப்ப அந்த வீட்டில் பணமில்லை. ஆனால் வழக்கறிஞராக வேண்டும் என்று பதினைந்து வயதிலேயே அவர் முடிவு செய்திருந்தார்.

ஊரின் சமூக மையத்தில் நடந்த கூட்டமொன்றில், இந்த இடத்தை நடத்துவதில் கறுப்பின மக்களுக்கு ஏன் பங்கில்லை என்று எழுந்து கேட்டார். மையத்துக்கு நிதி கொடுத்த வெள்ளைக்காரச் செல்வந்தர் அங்கே இருந்தார். கோபப்படாமல், படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். (எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பதில்லை, அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவும் முடியாது.) சட்டம் படித்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த அதே கொலம்பியாதான்.

படிக்கும்போதே, 1945-இல், கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடும் அமைப்பில் தர்குட் மார்ஷலிடம் எழுத்தராகச் சேர்ந்தார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வந்த பிரவுன் வழக்கின் முதல் மனுவை எழுதியவர் மோட்லி. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. அங்கே வாதாடிய பத்து வழக்குகளில் ஒன்பதில் வென்றார்.

மிசிசிப்பிதான் கடும் சோதனை. ஜேம்ஸ் மெரிடித் என்ற இளைஞரை மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டும் என்பது வழக்கு. வெள்ளையர் ஓட்டல்களில் அறை கிடையாது. கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில்தான் தங்க வேண்டும், அந்த வீடுகள் மீதும் எந்த நேரமும் குண்டு விழலாம். தீர்ப்பு மெரிடித்துக்குச் சாதகமாக வந்தும் ஆளுநர் வழிமறித்தார். 1962 செப்டம்பர் 30 இரவு நடந்த கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். ராணுவம் வந்த பிறகுதான் மறுநாள் மெரிடித் சேர்ந்தார். ஒரு மாணவர் வகுப்பில் உட்கார இத்தனை வேண்டியிருந்தது.

1964-இல் நியூயார்க் மாநில செனட்டுக்குத் தேர்வானார். அந்த அவைக்குள் போன முதல் கறுப்பினப் பெண். அது நம் ஊர் மேலவை போன்றது, ஆனால் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. ஓராண்டுதான் இருந்தார். 1965-இல் மன்ஹாட்டன் பகுதியின் தலைவரானார்.

1966-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவரைக் கூட்டாட்சி நீதிபதியாக நியமித்தார். அமெரிக்காவில் இந்தப் பதவி ஆயுட்காலத்துக்கானது. செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் குழுவின் தலைவர் யார் தெரியுமா? மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்ட், நிறப்பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஆகஸ்ட் மாதம் ஒப்புதல் கிடைத்தது. கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் ஆனார் மோட்லி. 1982-இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார். 2005-இல் காலமானார்.

அவரை விலகச் சொன்ன நிறுவனத்தின் வழக்கு 1977-இல் சமரசத்தில் முடிந்தது. பெண்களை வேலைக்கு எடுப்பது குறித்த நிபந்தனைகளுக்கு நிறுவனம் சம்மதித்தது.